எஸ்தேபானுக்கு ஒரு பார்சல்

இட்லிக்கு எப்படி இருக்கும்னு இப்ப எனக்குத் தெரியுது. மூடியப் போட்டாச்சு, ஆவி வந்தாச்சு, வெளிய ஒருத்தி வெந்துருச்சான்னு பாக்கக் காத்துட்டிருக்கா, நான் உள்ள மல்லாக்கப் படுத்து உப்பிட்டிருக்கேன். தூஹ்னு சொல்றாங்க இங்க இதை. மண்ணால கட்டின குட்டி அறை, நாய்க்குப் பெருசு, மாட்டுக்குச் சிறுசு, அடுப்படிக்குப் பின்சுவத்த ஒட்டினாப்ல இருக்கும். ஒரு மூலைல கல்லக் குவிச்சு மத்தியானம் பூரா பைன் விறகு எரிப்பாங்க, நெருப்பு அணைஞ்சப்புறம் தவழ்ந்து உள்ள போய் கல்லு மேல தண்ணி ஊத்தினா அவ்வளவுதான், கண்ணு போயிரும், மூக்கு போயிரும், நீ யாருங்கிறதே போயிரும். எந்திரிச்சு உக்காரக் கூடாது, சூடு மேலதான் நிக்கும், பலகையோட பலகையாக் கெடக்கணும். வாசலுக்குக் கதவில்ல, ஒரு கம்பளி தொங்குது. கம்பளிக்கு அந்தப் பக்கம் இர்மா உக்காந்திருக்கா, நான் மயங்கி விழுந்தா இழுத்துப் போடறதுக்கு. போன வருஷம் ஒரு அமெரிக்கப் பையன் மயங்கிட்டானாம், காலப் பிடிச்சு இழுத்தாங்களாம், பாதில ஜட்டி தூஹுக்குள்ளயே நின்னுருச்சாம். இதை எனக்கு மூணு தடவை சொல்லிட்டா. நாளைக்குக் காலைல எனக்கு பஸ். ஊருக்குப் போறவனுக்கு நம்ம பக்கம் எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்திவிடற மாதிரி இங்க இந்தக் குளியல். ஆனா நான் போற ஊரும் இவங்க நெனைக்கிற ஊரும் வேற வேற. அதச் சொல்லணும். இன்னைக்குள்ள சொல்லணும். சுவத்துக்கு அந்தப் பக்கம், அடுப்படில, இர்மாவோட அம்மா நன் பெத்ரோனா ஒரு மாவு மூட்டையோட சாக்க வெட்டி எனக்குன்னு ஒரு பார்சல் கட்டிட்டிருக்காங்க. எனக்கில்ல. எங்கிட்டக் குடுத்து விடறதுக்கு. அமெரிக்காவுல இருக்கற அவங்க பையன் எஸ்தேபானுக்கு. நான் அமெரிக்காவுக்கே போகல.

நன்னுன்னா நான் இல்ல, பெரியம்மா மாதிரி, மரியாதையாக் கூப்பிடறது. அவங்க என்னை வால்னு கூப்பிடுவாங்க, பெத்தவ புள்ளையக் கூப்பிடற வார்த்தை அது, எம்புள்ளன்னு அர்த்தம். முதல் நாள் அதக் கேட்டதும் பவானில எங்க டீச்சருங்க எல்லாம் ஞாபகத்துக்கு வந்தாங்க, அவங்களும் என்னை வாலுன்னுதான் கூப்பிட்டாங்க, இவ்வளவு பாசமா இல்ல. கிச்சே படிக்க வந்தவன் நான். மாயா மொழிங்கள்ல ஒண்ணு, குவாத்தமாலா மலையில லட்சக்கணக்குல பேசறாங்க, கோடை லீவுல அமெரிக்க யுனிவர்சிட்டிங்க எங்கள மாதிரி பிடி பிடியா அள்ளிட்டு வந்து வீட்டுக்கு ஒருத்தரா இறக்கி விட்ருவாங்க. காலைல வகுப்பு, மத்தியானத்துலருந்து வீடு. வீட்டுலதான் மொழி ஏறும்னு அவங்க திட்டம். எனக்கு முதல்ல ஏறினது நன்றி சொல்றது. இங்க சாப்பிட்டு முடிச்சா சும்மா எந்திரிச்சுக் கை கழுவப் போயிர முடியாது, உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரையும் பாத்து, மால்தியோஷ் நன், மால்தியோஷ் இர்மா, அவங்க திருப்பி உனக்கு, அப்புறம் அவங்களுக்குள்ள, ரயில்வே ஸ்டேஷன்ல வழியனுப்பற மாதிரி ஆகும். எங்க வீட்டுல சாப்பிட்டு எந்திரிச்சு அம்மாவப் பாத்து நன்றின்னு சொன்னா நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க, காய்ச்சலான்னு. அப்படித்தான் மாட்டிக்கிட்டேன். முதல் வாரம். எந்த ஊருல படிக்கிறன்னு கேட்டாங்க, சொன்னேன். நன் பெத்ரோனா கையில இருந்த மாவு உருண்டைய அப்படியே கீழ வெச்சாங்க. அதே மாநிலம். அவங்க பையன் வேலை பாக்கற கோழிப் பண்ணை ஊரு எங்க யுனிவர்சிட்டிலருந்து கார்ல ரெண்டு மணி நேரம். பக்கம்தான் நன், அப்படின்னேன். பக்கம்தான். எங்க ஊருக்காரன் வாயிலருந்து வேற என்ன வரும். திரும்பிப் போறப்போ அவனுக்கு ஏதாச்சும் குடுத்தனுப்பட்டுமான்னு கேட்டாங்க. அதுக்கென்ன நன், குடுங்க, பாத்துக்கலாம். அமெரிக்கா போறவன் கிட்ட பார்சல் குடுக்கறதும், அவன் அதுக்கென்ன குடுங்கன்னு பல்லக் காட்டறதும், ஏர்போர்ட்ல எடை போட்டுட்டுப் பாதிய வெளிய எடுத்து வழியனுப்ப வந்த மாமா தலைல கட்டறதும், நம்ம பக்கம் இது ஒரு சடங்கு, குடுக்கறவங்களுக்கும் தெரியும், வாங்கறவனுக்கும் தெரியும். இங்க அப்படி இல்ல. நான் சரின்னதும் அவங்க எந்திரிச்சுப் போய் ஒரு கிண்ணத்துல சூடா சோளக்கஞ்சி கொண்டு வந்து குடுத்தாங்க. குடிச்சேன். மால்தியோஷ் சொன்னேன். அவங்களும் சொன்னாங்க. இர்மா என்னை ஒரு மாதிரி பாத்தா. வகுப்புல இத ஒருநாள் சிரிப்புக் கதையாச் சொன்னேன், டீச்சர் சிரிக்கல, கஞ்சி குடிச்சியான்னு மட்டும் கேட்டாரு. குடிச்சேன்னேன். கஞ்சி குடிச்சா வாக்குக் குடுத்த மாதிரி, அப்ப முடிஞ்சுதுன்னாரு. கல்யாணத்துக்கே இங்க பொண்ணு வீட்டுல கஞ்சியத்தான் குடிப்பாங்களாம், நல்லவேளை, எனக்குப் பார்சலோட போச்சு.

தண்ணி ஊத்து, தூங்கிட்டியா, அப்படின்னு இர்மா கம்பளிக்கு வெளிய இருந்து கேக்கறா. ஸ்பானிஷ்ல. நாங்க ரெண்டு பேரும் ஸ்பானிஷ்லதான் சண்டை போடுவோம், அவளுக்கு அது இரவல், எனக்கும் இரவல், சமமா இருக்கும். வந்த அன்னைக்கு நான் இந்தியாக்காரன்னு ஸ்பானிஷ்ல இந்தியோன்னு பெருமையாச் சொன்னதுக்கு, மாயாக்காரங்க எங்களத்தான் அப்படிச் சொல்லித் திட்டுவாங்க, நீ தானா வந்து நான்தான் அதுங்கற, உனக்கு என்ன வேண்டுதலான்னு கேட்டவ. தண்ணி ஊத்தறேன். கல்லு சீறுது. சூடு முதல்ல காதுக்குள்ள வருது, அப்புறம் பல்லுக்குள்ள. மூச்ச இழுத்தா தொண்டை வரைக்கும் போய் நின்னுக்குது, உள்ள வரட்டுமா வேண்டாமான்னு. இப்படியே செத்துட்டா நல்லாருக்கும்னு ஒரு நெனப்பு வருது, நெசமா இல்ல, சும்மா, சொல்ல வேண்டியது இல்லாமப் போயிரும்ல. அப்புறம் அந்தப் பையனோட ஜட்டி ஞாபகம் வருது. அதுக்கு உயிரோடயே இருந்துரலாம்.

நான் பாதில விடறதுலயே டாக்டர் பட்டம் வாங்கினவன். இஞ்சினியரிங்க மூணாவது வருஷத்துல விட்டேன், எங்கப்பா ரெண்டு மாசம் என்கூடப் பேசல, பேசினப்போ உப்ப எடுன்னு சொன்னாரு. அப்புறம் மொழியியல். அது ஒட்டிக்கிச்சு, எல்லாருக்கும் ஆச்சரியம், எனக்கும்தான். அமெரிக்காவுல சீட்டு, உதவித்தொகை, பவானில எங்கம்மா காய்கறிக்காரம்மா வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. எனக்கு எந்த மொழியும் ஆரம்பத்துல பிடிக்கும். புது ஊருக்குப் போன மாதிரி, எல்லாக் கதவும் தெறந்திருக்கும், தப்பாப் பேசினாலும் சிரிச்சுட்டுத் தட்டிக் குடுப்பாங்க. அப்புறம் ஒருநாள் யாராவது ஒருத்தர், சரி, இப்ப உன்னோட கேள்வி என்னன்னு கேப்பாங்க. எங்க புரொபசர் கேட்டாரு. இந்த மொழியப் பத்தி உன்னோட ஆராய்ச்சிக் கேள்வி என்ன பரிதி. நல்ல மனுஷன், டீ எல்லாம் குடுத்துட்டுத்தான் கேட்டாரு. எனக்குக் கேள்வியே இல்ல. எனக்கு இந்த க் ட் எல்லாம் தொண்டைல வெடிக்கறது பிடிச்சிருக்கு சார், சோளம் பொரியற மாதிரின்னு சொல்ல முடியுமா. இங்க வந்தா கேள்வி கெடைக்கும்னு அனுப்பி வெச்சாரு. இங்க வந்து நாலாவது வாரம் மழை பெய்ஞ்சுட்டிருந்த ஒரு மத்தியானம் கடைவீதில கம்ப்யூட்டர் கடைல உக்காந்து, நான் விலகிக்கறேன்னு அவருக்கு மெயில் போட்டேன். வருத்தம், உன் முடிவ மதிக்கிறேன்னு பதில் வந்துச்சு. அவ்வளவு சீக்கிரம் மதிச்சிருக்க வேண்டாம். படிப்ப விட்டா விசாவும் விட்டுப் போச்சு. இனிமே அந்த நாட்டுக்குள்ள என்னால கால் வைக்க முடியாது, டிக்கெட்ட மாத்திட்டேன், மெக்சிகோ, மாட்ரிட், சென்னை. பவானிலயும் சொல்லல. இங்கயும் சொல்லல. அன்னைக்குச் சாயங்காலம் மழைல நனைஞ்சு வந்தவனுக்கு நன் பெத்ரோனா அடுப்புக்குப் பக்கத்துல இடம் விட்டுட்டு, உன் படிப்பெல்லாம் நல்லாப் போகுதான்னு கேட்டாங்க. ஊட்ஸ் நன், நல்லாப் போகுதுன்னேன்.

எஸ்தேபான் ஞாயித்துக்கிழமை தவறாமக் கூப்பிடுவானாம். பிப்ரவரிக்கப்புறம் கூப்பிடல. இவங்க கூப்பிட்டா மணி அடிக்கறதில்ல, ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல பேசுது. ஒருநாள் போன என் காதுல வெச்சு, இவ என்ன சொல்றா கேட்டுச் சொல்லுன்னாங்க. நீங்க அழைத்தவரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை. அதச் சொன்னேன். அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, இந்தப் பொண்ணு யாரு, எஸ்தேபானுக்குத் தெரிஞ்சவளான்னு கேட்டாங்க. இல்ல நன், மிஷின். அப்படியா, ஆனா குரல் நல்ல பொண்ணா இருக்கற மாதிரி இருக்கேன்னாங்க. அப்புறமும் அப்பப்போ கூப்பிட்டுக் கேட்டுட்டு வெப்பாங்க, நான் பாத்திருக்கேன். அவன் அங்க இருக்கானா, பேப்பர் இல்லாதவன்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்களா, ஊர் மாறிட்டானா, குடிக்கிறானா, யாருக்கும் தெரியல. பார்சல் பார்சல்னு நான் சொல்றேன், அவங்களுக்குப் பார்சலா முக்கியம். வறுத்த சோள மாவும் காஞ்ச மிளகாயும் பூசணி விதையும் அந்த ஊரு லத்தீன் அமெரிக்கக் கடைலயே கெடைக்கும். கொண்டு போய்க் குடுக்கறதுக்கு ஒரு ஆள் கதவத் தட்டணும்ல, கதவத் தட்டினா அவன் தெறக்கணும்ல, அந்த ஆள் அவன் மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்லணும்ல. அதுக்குத்தான். சந்தைல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க, எங்க வீட்டுப் பையன் எஸ்தேபானப் பாக்கப் போறான்னு. வேற ரெண்டு பொம்பளைங்க அவங்கவங்க பிள்ளைங்களுக்குப் பொட்டலம் கொண்டு வந்து நின்னப்போ, அவன் என் வீட்டுக் கஞ்சிதான் குடிச்சான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கூடப் படிக்கிற ஆரோன் அதே யுனிவர்சிட்டி, நீ எடுத்துட்டுப் போறியாடான்னு கெஞ்சிப் பாத்தேன். விதையெல்லாம் உள்ள விடுவாங்களான்னு விசாரிக்கணும்னான், தெரியாத ஒருத்தன் வீட்டு வாசல்ல போய் நிக்கறதெல்லாம் தனக்கு வசதிப்படாதுன்னான். நல்ல பையன், தண்ணிய வடிகட்டாமக் குடிக்க மாட்டான்.

என் கதவையும் ஒருத்தர் தட்டினாரு. அமெரிக்கா போன முதல் குளிர்காலம், பவானில எங்கம்மா யாரோ ஒரு டெய்லர் கடைல யாரோ ஒருத்தர் பையன் அமெரிக்கா போறான்னு கேட்டு, அவர் வீட்டுக்கே போய்ப் பருப்புப்பொடி குடுத்துட்டாங்க. அந்தப் பையன்னு சொன்னவரு அமெரிக்காவுல வேற ஊரு, கார ஓட்டிட்டு வந்தாரு, பனில. சொட்டைத் தலை, குல்லாயக் கூடக் கழட்டல, உள்ள வாங்கண்ணேன்னா வரல, பொடியக் குடுத்துட்டு என் மூஞ்சிய உத்துப் பாத்தாரு. டாக்டர் பாக்கற மாதிரி. அப்புறம் வெளிச்சத்துக்கு வாங்க தம்பின்னு வாசப்படில நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தாரு. அன்னைக்கு அவர் போனப்புறம் அவரக் கிண்டல் பண்ணி நண்பனுங்க கிட்ட நடிச்சுக் காட்டினேன், அந்த உத்துப் பாக்கறத. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவரு எங்கம்மாவுக்கு என்ன சொன்னாருன்னு தெரியல. எங்கம்மா அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாங்களாம், அக்கா சொன்னா. ஒரு மனுஷன் குல்லாயோட வாசல்ல நின்னு பாத்ததுக்கு.

வார்த்தை இல்லைன்னு சொல்லித் தப்பிக்கவும் முடியாது. போ, இல்ல, அங்க, நான், எல்லாம் முதல் வாரத்துலயே குடுத்துட்டாங்க. நான் அங்க போகல. சின்ன வாக்கியம், கிச்சேலயும் சின்னதுதான், பரீச்சைல எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன். இந்தப் பலகைல படுத்துச் சொல்லிப் பாக்கறேன். வாய்க்குள்ள ஆவி போகுது. மறுபடி சொல்றேன். நான் அங்க போகல நன், மன்னிச்சுக்கங்க நன், படிப்ப விட்டுட்டேன் நன், ஆனா ஊருக்குப் போயி போன் பண்ணி விசாரிக்கறேன் நன். யார விசாரிப்ப. அந்த மிஷின் பொண்ணையா. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்த்தற சத்தம், ரேடியோல மரிம்பா வாத்தியம், கூரைத் தகரத்து மேல மழை ஆரம்பிக்குது, இந்த ஊரு மழைக்கு சாயங்காலம்னா டாண்ணு வந்துரணும். விறகுப் புகை கொஞ்சம் மிச்சம் இருந்தாக்கூட ஆளு தூக்கத்துலயே போயிருவாங்கன்னு எங்கயோ படிச்சேன், தூக்கம் வர மாதிரி இருந்தா வெளிய வந்துரணும். எனக்குத் தூக்கம் வர மாதிரி இருக்கு. இல்ல, வரல. வெளிய போனா சொல்லணும். இன்னொரு செம்பு ஊத்தறேன்.

இர்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், அப்படின்னேன். கம்பளியப் பாத்து. மூஞ்சி தெரியாதது நல்லதாப் போச்சு. சோப்பு வேணுமா, அத நாயி தின்னுருச்சுன்னு சொன்னா. இல்ல, நான் அமெரிக்கா போகல, படிப்ப விட்டுட்டேன், நேரா இந்தியா போறேன், உள்ளயே விட மாட்டாங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன், ஸ்பானிஷ்ல அது எவ்வளவு சுலபமா வருது. கம்பளியோட ஓரம் கொஞ்சம் விலகி ஒரு கோடு வெளிச்சம் உள்ள விழுந்துச்சு, குளிர்ந்த காத்து கால் கட்டைவிரலத் தொட்டுச்சு.

"எப்பருந்து தெரியும் உனக்கு?"

நாலாவது வாரத்துலருந்துன்னேன். அவ திட்டல. திட்டினா நல்லாருந்திருக்கும், நானும் ஏதாவது திருப்பிச் சொல்லி, சிரிச்சு, எப்படியாச்சும் அவளையே சொல்ல வெச்சிருப்பேன், அதுதானே என் பொழப்பு. நீயே அம்மாகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லேன் இர்மா, உனக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியும்னு ஆரம்பிச்சேன்.

"அப்பா லாரில அடிபட்டது நான்தான் அம்மாகிட்டச் சொன்னேன். எஸ்தேபான் சொல்லாமக் கிளம்பிட்டான்னு நான்தான் சொன்னேன். இந்த வீட்டுல கெட்டது எல்லாம் என் வாயாலதான் வந்திருக்கு. இது உன்னோடது, பரிதி. நீ சொல்லு."

கம்பளிய இழுத்து மூடிட்டா. இருட்டு. இப்ப இந்த இருட்டு முன்ன இருந்த மாதிரி இல்ல, முன்ன தனியா இருந்தேன். சரி. சொல்றேன். வெளிய போனதும், துண்டக் கட்டறதுக்கு முன்னாடியே, மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே. நான் அங்க போகல. கல்லு சீறறத நிறுத்திருச்சு, செம்புல தண்ணி இல்ல, இதுக்கு மேல உள்ள இருக்கறதுக்கு எங்கிட்ட ஒரு காரணமும் மிச்சம் இல்ல. தவழ்ந்து வெளிய வந்தேன், மழைச்சாரல் முதுகுல ஊசி மாதிரி விழுந்துச்சு, இர்மா வேற பக்கம் பாத்துட்டு ஒரு போர்வையத் தூக்கிப் போட்டா, கால்சட்டைய மாட்டிட்டு அடுப்படிக்குள்ள குனிஞ்சு போனேன், உடம்பெல்லாம் புகையுது, நெசமாவே, என் கையிலருந்து ஆவி கிளம்பறத நானே பாக்கறேன். பார்சல் இன்னும் தைக்கல. சாக்கு வாய் தெறந்து கெடக்கு, கோணி ஊசில நூல் கோத்துச் சாக்குலயே குத்தி வெச்சிருக்கு, நன் பெத்ரோனா கடைசியா வைக்கறதுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுட்டு எனக்காகத்தான் காத்துட்டிருந்திருக்காங்க. கம்பளி ஸ்வெட்டர். கருநீலம், கழுத்துல செவப்பு. போன் நின்னதுலருந்து பின்னினதுன்னாங்க, அளவுதான் சந்தேகம், அவன் போனப்போ இருந்த உடம்ப வெச்சுப் பின்னினேன், இப்ப எப்படி இருக்கானோ. நன், அப்படின்னேன். வா இங்கன்னாங்க. நன், ஒண்ணு சொல்லணும்னேன். சொல்லுவ, முதல்ல இதப் போடு, நீயும் அவன் உசரம்தான்.

"கையத் தூக்கு, வால்."

தூக்கினேன். ஈரம் காயாத முதுகுல கம்பளி இழுபட்டு இறங்குது, அவங்க எட்டி எட்டி இழுக்கறாங்க, என் தலை உள்ள எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கு, எல்லாம் நீலம், ஆட்டு வாசனை, புகை வாசனை, கழுத்து எங்கன்னு தெரியல. இர்மா வாசல்ல வந்து நிக்கறது தெரியுது, அவளோட செருப்புச் சத்தம். இப்ப. மூஞ்சி தெரியாத இந்த எடத்துலருந்து. வாய கம்பளிக்குள்ள வெச்சுக்கிட்டே சொன்னேன், நாலு வார்த்தையும், வரிசையா, தப்பில்லாம. நான் அங்க போகல நன். அவங்க கை என் தோள்ல தடவித் தடவி தையலத் தேடிட்டிருந்தது நின்னுச்சு. அப்புறம் ஒரே இழுப்புல தலைய வெளிய எடுத்துட்டாங்க. வெளிச்சம் கண்ணக் கூசுது. ரொம்பக் கிட்டத்துல அவங்க மூஞ்சி, கைய நீட்டு, மடக்குன்னு சொல்லிட்டே கையிலருந்து இடுப்பு வரைக்கும் அளக்கறாங்க, இங்க தொளதொளன்னு இருக்கு, அவனும் எளச்சிருப்பான், இப்படித்தான் இருப்பான்னு தனக்குள்ள சொல்லிக்கறாங்க, தலையச் சாச்சு, ஒரு எட்டு பின்னால போய், என்னைப் பாக்கறாங்க. உத்துப் பாக்கறாங்க.

"உள்ள இருந்து என்னமோ சொன்னியே. என்ன சொன்ன?"

இர்மா என்னையே பாத்துட்டு நிக்கறா. ரெண்டு கையும் இன்னும் பக்கவாட்டுல நீட்டினபடி இருக்கு எனக்கு, எறக்கலாமான்னு தெரியல.

"சூடா இருக்குன்னேன் நன்."

அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்படியே நில்லு, கழட்டாத, இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லிட்டு, அடுப்புப் பக்கம் முக்காலிய இழுத்துப் போட்டு எனக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டாங்க.